"முதலில் ஆறு மாதம் பிளாக்கர்" என்று யார் சொன்னது?

கேரள எல்லையோரக் களியக்காவிளைப் பக்கமிருந்து 24 வயதுத் திருநங்கை ஒருவர் எழுதியிருக்கிறார்: "டாக்டர், பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜன் தொடங்கும் முன் ஆறு மாதம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் பிளாக்கர் மட்டும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் யாரும் ஹார்மோன் தரமாட்டார்கள் என்று எங்கள் திருநங்கையர் ஜமாத்தில் ஒரு அக்கா சொல்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மாதம் ஒரு ஊசி போடுகிறாராம், 600 ரூபாய், சீட்டு வேண்டாமாம். போகலாமா?"

போகாதீர்கள்.

இந்த ஊசிக் கதையோடு என் முன்னால் வந்து உட்காரும் ஆட்களுக்குக் குறைவே இல்லை, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதையே நிறுத்துகிற ஊசி உண்மையில் உண்டு. லூப்ரோலைட் என்று பெயர், புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடுவது, விலை ஆயிரக்கணக்கில். 600 ரூபாய்க்கு அது வராது. அப்படியானால் அந்த சிரிஞ்சில் என்ன? லேபிள் கிழித்த குப்பி என்றால் கடவுளுக்குத்தான் வெளிச்சம். லேபிளோடு எனக்குக் கொண்டுவந்து காட்டியவற்றில் எஸ்ட்ரோஜன் இருந்தது, புரோஜெஸ்டிரோன் இருந்தது, பிளாக்கர் ஒன்றுகூட இல்லை. "ஆனால் வேலை செய்கிறதே டாக்டர்" என்பார்கள். செய்யும்தான், ஏனென்றால் எஸ்ட்ரோஜனே டெஸ்டோஸ்டிரோனைக் கீழே இறக்கும். அதை வைத்துத்தான் அந்த ஆள் பிழைப்பு நடத்துகிறார். ஹார்மோனுக்கு முன்னால் பிளாக்கர் என்று நினைத்துப் போனவர், அளவும் தெரியாமல் ரத்தமும் பார்க்காமல் ஹார்மோனையே தொடங்கிவிட்டுத் திரும்பி வருகிறார்.

சரி, ஆறு மாதக் கணக்கு. அப்படி ஒரு விதி கிடையாது. பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டையும் சேர்த்தே தொடங்குகிறோம், அல்லது சில வார இடைவெளியில். எஸ்ட்ரோஜன் வேண்டுமா என்று இன்னும் மனம் முடிவாகாதவருக்குப் பிளாக்கர் மட்டும் கொடுப்பதும் உண்டு, ஆனால் அதிலேயே வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. அந்த ஹார்மோனும் இல்லை இந்த ஹார்மோனும் இல்லை என்றால் எலும்பு தேயும். குரல் மாறும், தாடி உதிரும் என்று எதிர்பார்த்தும் தொடங்காதீர்கள், இரண்டும் நடக்காது.

இங்கே நாங்கள் வழக்கமாக எழுதுகிற பிளாக்கர் ஸ்பைரோனோலாக்டோன். ஒன்றும் ரகசிய மருந்து இல்லை, இதய நோய்க்காரர், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோர்த்தவர் என்று உங்கள் தெருவிலேயே யாராவது விழுங்கிக்கொண்டிருப்பார்கள், அல்டாக்டோன் என்று சொன்னால் எந்த மெடிக்கலிலும் தெரியும், விலையும் கையைக் கடிக்காது. 50 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து 100, 200 என்று ஏற்றுவோம். சிறுநீர் அடிக்கடி வரும். பிரஷர் இறங்கும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

சைப்ரோடெரோன் இன்னொரு பிளாக்கர். மெடிக்கலில் போய் அந்தப் பெயரை வாயால் சொல்லிக் கேட்டால் பிசிஓடிக்கும் முகப்பருவுக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் 21 மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுவார்கள். இது நான் கண்ட பெரிய பொறி. அதில் சைப்ரோடெரோன் வெறும் 2 மில்லிகிராம், கூடவே எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற எஸ்ட்ரோஜன். "சீக்கிரம் மார்பு வரும்" என்று தினம் மூன்று நான்கு போடுகிறார்கள். காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கும், புகை பிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். திருநங்கைகளுக்கு அந்த எஸ்ட்ரோஜனை நாங்கள் எழுதுவதே இல்லை. சைப்ரோடெரோனைத் தனியாகக் கூடிய அளவில் வெகுகாலம் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரலாம் என்று ஐரோப்பாவில் 2020இல் கட்டுப்பாடே போட்டார்கள். பைகலூட்டமைட் என்ற பிளாக்கர் ஈரலைக் கெடுக்கலாம். முடி கொட்டுவதற்கான ஃபினாஸ்டரைடு இந்த வேலைக்குப் போதாது.

இப்போது பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோன் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியே விடாது. அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டுவது), பொட்டாசியம், பிறகு சில வாரத்தில் மறுபடி, முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம். வயசுப் பிள்ளைக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், பெரும்பாலும் பிரச்சினை வராது, இளநீர் ஒன்று குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் செப்ட்ரான் என்று ஒரு மாத்திரை இருக்கிறதே, சிறுநீர்க் கடுப்பு என்றால் மெடிக்கலில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். ஏஆர்டி, அதாவது எச்ஐவிக்கான மருந்து, எடுப்பவர்களில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அதையே தினமும் மாதக்கணக்கில் கொடுப்பார்கள். ஏஆர்டி மையத்தில் பிளாக்கர் எடுப்பதைச் சொல்ல வெட்கம், என்னிடம் ஏஆர்டி எடுப்பதைச் சொல்ல வெட்கம், இரண்டு சீட்டும் இரண்டு பையில். இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், நாங்கள் படித்துக்கொள்கிறோம். டெல்மிசார்டன், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரைகளுக்கும், கடையில் விற்கும் சோடியம் குறைத்த உப்புக்கும் இதே பேச்சுதான், அந்த உப்பில் இருப்பது பொட்டாசியம்.

எங்கே போவது என்றால், சென்னை ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் திருநங்கையருக்குத் தனிப் பிரிவு உண்டு. மதுரை உங்களுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் கூலி போச்சு. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் 30 சொச்சம் கிலோமீட்டர்தான், நம் ஊர்க்காரர்கள் எல்லா நோய்க்கும் அங்கே போகிறவர்கள்தானே, ஹார்மோன் பிரிவுக்கு ஓபி சீட்டு எடுங்கள். கேரள அரசின் அறுவை சிகிச்சை உதவித்தொகை வேறு விஷயம், அது அந்த மாநிலத்தவருக்கு. அங்கே எழுதிய சீட்டுக்கு மார்த்தாண்டத்தில் மருந்து வாங்கலாம், தடை எதுவும் இல்லை. 2020 டெலிமெடிசின் விதிப்படி இந்தியாவில் எந்த ஊர் டாக்டரும் வீடியோவில் பார்த்து மருந்து எழுதலாம், ரத்தப் பரிசோதனையை உங்கள் ஊர் லேபிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஹார்மோன் வசதியை அரசு செய்து தர வேண்டும் என்று 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதியாயிற்று. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் திருநங்கையரை ஆண் வரிசையில் நிறுத்துவதா பெண் வரிசையில் நிறுத்துவதா என்று முடிவு செய்வதற்குள் ஓபி நேரமே முடிந்துவிடும், பிறகு "மனநல டாக்டர் கடிதம் கொண்டு வா", கடிதம் வந்தால் "அப்பா அம்மா கையெழுத்து". 18 முடிந்தவருக்கு அந்தக் கையெழுத்து எதற்கு? நீங்களும் வாங்கித் தர வேண்டாம். மனநல மதிப்பீட்டைப் பெரும்பாலான டாக்டர்கள் கேட்பார்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே கிடைக்கும். அதை ஐயாயிரம் பத்தாயிரம் என்று வாங்கித் தருகிற தரகர்கள் இரண்டு பக்கமும் கிளம்பியிருக்கிறார்கள், அந்தத் தாளை நாங்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவோம்.

அப்புறம் ஒன்று, முதல் மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியது. பின்னால் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தால்கூட, விந்தணுவைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். திருவனந்தபுரத்துத் தனியார் கருத்தரிப்பு மையங்களில் விசாரியுங்கள், சேமித்து வைப்பதற்கு வருடாவருடம் கட்டணம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.