மதிப்பெண் ஒன்று, உத்தி இரண்டு

கேள்வி: எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்ற, இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே மறுபடியும் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டிய சோதனையில் நானும் என் தங்கையும் ஒரே மதிப்பெண் பெற்றோம். நான் எழுத்துகளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை என்கிறாள். இந்த வேறுபாட்டைக் கணினி மாதிரியால் கண்டறிய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் முடியாது, பிழைகள் எங்கே நேர்ந்தன என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியது 'என்-பேக்' சோதனை. முதுமையில் நினைவு எப்படி மாறுகிறது என்பதை ஆராய வெய்ன் கிர்ச்னர் 1958-இல் இதைப் பயன்படுத்தினார்.

உளவியலாளர் ஜான் ஆண்டர்சன் உருவாக்கிய, மனம் செயல்படும் விதத்தைக் கணினியில் போலச்செய்யும் 'ஆக்ட்-ஆர்' என்னும் கட்டமைப்பில் உங்கள் இருவரின் உத்திகளையும் தனித்தனி நிரல்களாக எழுதலாம். உங்கள் நிரல், புதிய எழுத்து வரும்போதெல்லாம் பழையதை நீக்கிக் கடைசி இரண்டையும் மனத்துக்குள் மீண்டும் சொல்லும். இதில் மனத்தின் ஒவ்வொரு அடிப்படைச் செயலுக்கும் 50 மில்லி விநாடி ஆவதாகக் கொள்வதால், எழுத்துகள் விரைந்து வந்தால் சொல்லி முடிக்க நேரம் போதாமல் அந்த நிரல் தடுமாறும். தங்கையின் நிரல் எதையும் சொல்லிக்கொள்வதில்லை. பார்த்த எழுத்து நினைவில் பதித்த சுவடு எந்த அளவுக்கு மங்கியிருக்கிறது என்பதைக் கொண்டே, அது எப்போது வந்தது என்று ஊகிக்கிறது. ஒருமுறை பார்த்ததன் சுவடு காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைவதாக வைத்துக்கொண்டால், 2 விநாடியில் இருந்த வலிமை 8 விநாடியில் பாதியாகிவிடும்.

இப்போது 'க, ம, ம' என்று வருவதாகக் கொள்வோம். கடைசி 'ம' சற்றுமுன் வந்ததுதான், ஆனால் இரண்டு எழுத்துக்கு முன் வந்ததன்று. சொல்லிக்கொண்டே வருபவர் எளிதில் மறுத்துவிடுவார். சுவட்டை நம்புபவரோ அது இன்னும் மங்காமல் இருப்பதைக் கண்டு பொத்தானை அழுத்திவிட வாய்ப்பு அதிகம். சராசரி மதிப்பெண் மறைத்துவிடும் வேறுபாடு இத்தகைய ஏமாற்று எழுத்துகளில்தான் வெளிப்படுகிறது. நினைவாற்றலை ஒற்றை எண்ணாக அறிவிக்கும் வழக்கம் எனக்கு உவப்பில்லாததற்கு இதுவே காரணம்.

மனித விடைகளோடு ஒருமுறை பொருந்தியதாலேயே ஒரு மாதிரி சரியாகிவிடாது. சுவடு மங்கும் வேகம் போன்ற, மாதிரிக்குள் வைக்கும் எண்களைத் தேவைக்கேற்பத் திருத்தினால் தவறான நிரலும் பொருந்திவிடும். ஆகவே அந்த எண்களை மாற்றாமல், எழுத்துகள் வரும் வேகத்தை மட்டும் கூட்டி, யாருடைய விடைகள் எங்கே பிசகும் என்பதை முன்கூட்டியே சொல்லச் செய்து சரிபார்க்க வேண்டும்.