முட்டையைத் தின்றது நாயா, கோழியா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம். நாட்டுக்கோழிப் பெட்டை 22, சேவல் 2, கொஞ்சம் ஆடு. பட்டிக் காவலுக்கு ஒரு நாட்டு நாயும் ஒரு சிப்பிப்பாறையும் இருக்கின்றன. ஐப்பசியில் இருந்து வீட்டிலேயே கேக் போட்டு அக்கம்பக்கம் விற்கிறேன். எதையும் வீணாக்குவதில்லை: முட்டை ஓடு கோழிகளுக்கு, கேக் ஓரம் நாய்களுக்கு. மார்கழியில் இருந்து தினமும் இரண்டு மூன்று முட்டை கூடையிலேயே உடைந்து, வைக்கோல் நனைந்து கிடக்கிறது. நடுவில் ஓடு கெட்டியாகாத தோல்முட்டையும் வருகிறது. சிப்பிப்பாறை கூடையை நக்கிக்கொண்டு நின்றதை இரண்டு தடவை பார்த்தேன். நாயைக் கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கொடுத்துவிடலாமா? அப்புறம் ஒரு சந்தேகம்: நாட்டு முட்டை போட்டால் கேக் ஏன் இறுகிப்போகிறது?

பதில்: நாயைக் கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது திருடவில்லை, வேறு யாரோ சிந்தியதை நக்கியிருக்கிறது.

முட்டை காணாமல் போன விதத்தை வைத்தே ஆளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பாம்பும் உடும்பும் முழுசாக விழுங்கும், ஓடுகூட மிஞ்சாது. கீரி கவ்விக்கொண்டு போய் வேலியோரம் உடைக்கும். முட்டை ருசி கண்ட நாயும் வாயில் எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்த்தான் தின்னும், பெரும்பாலும் ஓட்டோடு சேர்த்து. கூடைக்குள்ளேயே ஓட்டுத் துணுக்கும் ஈர வைக்கோலுமாகக் கிடந்தால் அது கோழி செய்த வேலை. நாளைக் காலை பத்து மணி வாக்கில் பெட்டைகளைப் பிடித்து அலகைப் பாருங்கள். ஒன்றிரண்டின் அலகோரத்திலும் கழுத்து இறகிலும் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது? சொன்னால் வருத்தப்படாதீர்கள், உங்கள் கேக்கில் இருந்துதான். உடைத்த ஓட்டை அப்படியே, உள்ளே வெள்ளைக்கரு வழியவழியப் போட்டிருக்கிறீர்கள். பாதி ஓடு பார்க்க முட்டை மாதிரியே இருக்கும். கொத்தினால் உள்ளே ருசி இருக்கிறது என்று ஒரு கோழி கற்றுக்கொண்டால், அதைப் பார்த்து மற்றதும் கற்றுக்கொள்ளும். தோல்முட்டை வேறு வருகிறது என்கிறீர்கள். அலகு பட்டாலே கிழிகிற முட்டை கிடைத்தால் கோழி விடுமா?

தோல்முட்டைக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் காரணம். ஒரு முட்டை ஓட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கம்பில் இருப்பது வெறும் 40 மில்லிகிராம் அளவு. சோளமும் குருணையும் அதைவிட மோசம். மேய்ச்சலில் பூச்சி, கீரை, மண் என்று பொறுக்கி ஓரளவு சமாளிக்கும், ஆனால் முட்டை மும்முரமாக வரும்போது அது போதாது. அதனால் ஓட்டை நிறுத்தச் சொல்லமாட்டேன். கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள், போதும்.

கேக்கை எடுத்த பிறகு அதே ஓவனில், கழுவிய ஓடுகளைத் தட்டில் பரப்பி 120 டிகிரியில் கால் மணி நேரம் வையுங்கள். கரு வாசனை போய்விடும், கிருமியும் சாகும், கையால் நொறுக்கவும் வரும். ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு, குருணைப் பருவத்தில் நொறுக்குங்கள். மாவாக அரைக்க வேண்டாம். ஓடு உருவாகும் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. பரும்துகள் இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரைந்தால்தான் அந்த நேரத்துக்கு உதவும். உங்கள் ஓடு மட்டும் பற்றாது, கிளிஞ்சல் தூளும் கொஞ்சம் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். இதைத் தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய பெட்டை வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். முட்டைப் பருவத்துக்கு வராத குஞ்சுகள் நிறையத் தின்றால் சிறுநீரகம் கெடும், அவற்றுக்கு எட்டாத இடமாகப் பாருங்கள்.

பழகிப்போன கோழியைத் திருத்த ஊரில் ஒரு வைத்தியம் சொல்வார்கள்: முட்டைக்குள் மிளகாய்த்தூள் அடைத்து வைப்பது. கோழியிடம் அது பலிக்காது. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, கிளி மிளகாய்ப்பழம் தின்பதைப் பார்த்திருப்பீர்களே! பாவம், அதை நக்கப்போகும் நாய்தான் துடிக்கும். அதற்குப் பதில், காலை வேளையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை முட்டை எடுங்கள். கூடைக்கு முன்னால் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குங்கள். நாலைந்து பெட்டைக்கு ஒரு கூடை, வைக்கோல் நாலு விரல் கனம். கூடைக்குள் இரண்டு டேபிள் டென்னிஸ் பந்து போட்டு வையுங்கள். கொத்திக் கொத்தி ஒன்றும் கிடைக்காமல் அலுத்துப்போகும். அலகில் கரு ஒட்டிய பெட்டையைப் பஞ்சாரத்தில் ஒரு வாரம் தனியாக அடையுங்கள். அப்புறமும் திருந்தவில்லையா, குழம்பு வைத்துவிடுங்கள். மற்றதையும் அது கெடுத்துவிடும்.

நாய்களைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை வேறு. கேக் ஓரம் போடுவதை இன்றே நிறுத்துங்கள். சாக்லேட், கோக்கோ இரண்டும் நாய்க்கு விஷம். 20 கிலோ எடையுள்ள நாய்க்கு 20 கிராம் கோக்கோ தூளே வாந்தியும் படபடப்பும் கொண்டுவரப் போதும், கூடினால் வலிப்பு வரும். பிளம் கேக்கில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே நிறுத்திவிடக்கூடும். பன்னுக்குப் பிசைந்த ஈஸ்ட் மாவைப் பச்சையாகத் தின்றால் வயிற்றுக்குள் உப்பி, புளித்துச் சாராயமாகும். இவற்றில் எது வயிற்றுக்குள் போனாலும் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பூஞ்சை பிடித்த ரொட்டி கோழிக்கும் ஆகாது. நாய்க்கு முட்டை கொடுக்க ஆசைப்பட்டால் அவித்து, உரித்து, அதன் தட்டில் போடுங்கள். கூடைப் பக்கம் மூக்கு போகாது.

கேக் விஷயம் எளிது. பண்ணை முட்டை 50 கிராமுக்கு மேல் இருக்கும், நாட்டு முட்டை 40 கிராம் வந்தால் பெரிது. செய்முறையில் நான்கு முட்டை என்று எழுதியிருப்பது பண்ணை முட்டைக் கணக்கு. நீங்களும் நான்கே போட்டால் மாவுக்கு ஈரம் பற்றாமல் இறுகத்தான் செய்யும். எண்ணிப் போடாமல், உடைத்து ஊற்றி எடை போடுங்கள். நான்கு முட்டைக்கு 200 கிராம். உங்கள் கோழிகளின் முட்டை என்றால் ஐந்தோ ஆறோ பிடிக்கும்.