மணற்குழியில் இருப்பது இரண்டு பேர்

கேள்வி: ‘உமன் இன் த ட்யூன்ஸ்’ என்ற ஜப்பானியப் படத்தின் முடிவில், ஏணி கைக்கு எட்டியும் கதாநாயகன் தப்பிக்காமல் குழியிலேயே தங்கிவிடுகிறான். மனிதன் கடைசியில் விதிக்குச் சரணடைந்துதான் தீரவேண்டும் என்கிறதா படம்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘கதாநாயகன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். படத்தின் பெயரிலேயே பெண் நிற்கிறாள். ஆனால் படத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலும் அவன்தான். அவன் ஏன் சிக்கினான், எப்படித் தப்பப் பார்த்தான், ஏன் தங்கினான். அவனுக்கு முன்பே அந்தக் குழியில் இருந்தவள் கட்டுரைக்குள் வரும்போது வெறும் தோலும் வியர்வையும் ஒட்டிய மணலுமாக வருகிறாள். திரைப்படச் சங்கங்கள் துண்டறிக்கை அடித்துக் கொடுத்த காலத்திலிருந்தே இந்த விஷயத்தில் எனக்குச் சண்டைதான்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை: டோக்கியோவிலிருந்து பூச்சி பிடிக்க வந்த பள்ளி ஆசிரியர் ஒருவன் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறான். ராத்தங்க இடம் தருகிறோம் என்று ஊர்க்காரர்கள் அவனை ஒரு மணற்குழியின் அடியில் உள்ள வீட்டுக்குக் கயிற்றேணியில் இறக்கிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் ஏணி இல்லை. அங்கே தனியாக வாழும் விதவையோடு சேர்ந்து இரவெல்லாம் மணல் வாரவேண்டும். வாராவிட்டால் மேலிருந்து தண்ணீர் வராது. கோபோ அபே 1962இல் எழுதிய நாவல் இது. அவரே திரைக்கதை எழுத, ஹிரோஷி தெஷிகாஹரா 1964இல் படமாக்கினார்.

இந்த இடத்தில் துண்டறிக்கைக்காரர்கள் உடனே சிசிபஸைக் கூப்பிடுவார்கள்; மலைமேல் உருட்டிய பாறை கீழே விழ விழ மறுபடி உருட்டும்படி சபிக்கப்பட்ட கிரேக்கப் புராண ஆள். கூடவே, அவனை வைத்து வாழ்க்கையின் அர்த்தமின்மையைப் பற்றி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவும் வந்துவிடுவார். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. சிசிபஸ் உருட்டிய பாறையை யாரும் விலைக்கு விற்கவில்லை. இங்கே வாரிய மணல் மேலே போய், கட்டட வேலைக்கு ரகசியமாக, மலிவாக விற்கப்படுகிறது. அதுவும் உப்பு மணல். கான்கிரீட்டில் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். கட்டடம் இடிந்துவிடாதா என்று அவன் பதறுகிறான். ஊரான் எப்படிப் போனால் நமக்கென்ன என்கிற மாதிரி அவள் பதில் சொல்கிறாள். படம் வந்த அதே ஆண்டுதான் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது, புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது. நாடு முழுக்கக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்த நேரம். குழிக்கு மேலே ஒரு வியாபாரம் நடக்கிறது, அதற்குக் கூலி கேட்காத ஆள் வேண்டியிருக்கிறது. ஆற்று மணல் லாரிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரிய காம்யு தேவையில்லை.

சரி, சரணடைவதற்கு வருவோம். தினமும் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்க அனுமதியுங்கள் என்று அவன் கெஞ்சுகிறான். ஊர்க்காரர்கள் ஒரு நிபந்தனை போடுகிறார்கள்: நாங்கள் பார்க்க, நீங்கள் இருவரும் கூடவேண்டும். மேலே முகமூடி, பறை முழக்கம், வெளிச்சம். படித்தவன், நகரத்தான், சுதந்திரம் சுதந்திரம் என்று அதுவரை பேசியவன், அவளைப் பிடித்து வெளியே இழுக்கிறான். அவள் இணங்கவில்லை. முட்டி மோதி, அடித்து அவனைச் சாய்த்துவிடுகிறாள். புயலில் கணவனையும் மகளையும் மணலுக்குக் கொடுத்தவள், ஒரு ரேடியோ வாங்க மணி கோத்துக் காசு சேர்ப்பவள், நாம் அடிமை என்று முடிவுகட்டியவள். அவள்தான் முடியாது என்கிறாள். படத்தில் யாராவது சரணடைந்தார்கள் என்றால் அது அவன்தான், அந்த இரவில்தான். கடைசிக் காட்சியில் இல்லை.

கடைசியில் அந்த ஏணி எப்படி வந்தது? கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கி வலியில் துடிக்கும் அவளை ஊர்க்காரர்கள் மேலே தூக்கிப்போகிறார்கள். அந்தக் களேபரத்தில் ஏணி அப்படியே கிடக்கிறது. அவள் பிழைத்தாளா என்று படம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அவன் ஏறிப்போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்குவதற்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. காக்கைக்கு வைத்த பொறியில் தண்ணீர் ஊறுவதைக் கண்டுபிடித்திருக்கிறான். மணல் கீழிருந்து ஈரத்தை இழுக்கிறது. எந்தத் தண்ணீரை நிறுத்தி ஊர் அவனைப் பணியவைத்ததோ, அந்தத் தண்ணீர் இப்போது அவன் கையில். இதை யாரிடமாவது சொல்லவேண்டும். டோக்கியோவில் யாருக்கு இது வேண்டும்? அருமை தெரிந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். தப்பிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். இதற்குப் பெயர் விதி என்றால் நான் ஏற்கமாட்டேன். ஒரு மனிதனுக்கு முதல்முறையாக உருப்படியான வேலை கிடைத்திருக்கிறது. அவனைக் காணாமல்போனவனாக அறிவிக்கும் நீதிமன்றக் காகிதம் அதற்குப் பிறகு திரையில் வருகிறது. காணாமல்போய் 7 ஆண்டு ஆனதாகக் கணக்கு. அடையாள அட்டை, ஒப்பந்தம், சான்றிதழ் என்று காகிதங்களை நினைத்துச் சலித்துக்கொண்டே படத்துக்குள் வந்தவன் அவன்.

அவளாக நடித்தவர் கியோகோ கிஷிடா, நாடகாசிரியர் குனியோ கிஷிடாவின் மகள். மேடையில் வளர்ந்த நடிகை. 1969இல் தொலைக்காட்சியில் வந்த ‘மூமின்’ கார்ட்டூனில் மூமினுக்குக் குரல் கொடுத்தவரும் இவரே. ஒரு தலைமுறை ஜப்பானியக் குழந்தைகள் இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தார்கள். குழியில் அவர் பேசுவது கொஞ்சம்தான். கூச்சமும் பிடிவாதமும் ஒரே வாக்கியத்தில் வரும். டோரு டகேமிட்சுவின் இசை அந்தக் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்பதையும் கவனியுங்கள். தந்திகள் கீறிக்கொண்டு வருவது பெரும்பாலும் மணல் நகரும்போதுதான்.

வெளிநாட்டுத் திரையிடலுக்காக 20 நிமிடத்துக்கு மேல் வெட்டிய பிரதி ஒன்று சுற்றுகிறது. அதை விட்டுவிட்டு 147 நிமிடப் பிரதியைத் தேடிப் பாருங்கள். இந்தத் தடவை அவளைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறேன்.