டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பெண்களுக்கான ரேசருக்கும் ஆண்களுக்கான ரேசருக்கும் நிறத்தைத் தவிர வித்தியாசம் உண்டா? விலை ஏன் கூடுதல்?

பதில்: பிளேடில் பெரிதாக இருக்காது, தலையிலும் பிடியிலும்தான். மூக்குக்கு அடியில் புகுந்து வரச் சின்னத் தலை வேண்டும். காலுக்கு ஓரம் உருண்ட அகலத் தலை, ஈரக் கையில் வழுக்காத தடித்த ரப்பர் பிடி. இவை இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். ரோஸ் நிறத்துக்கு மட்டும் என்றால் தண்டம்.

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். 2015-ல் நியூயார்க் நகர நுகர்வோர் விவகாரத் துறை ஏறத்தாழ 800 பொருட்களை ஆண், பெண் ஜோடிகளாக ஒப்பிட்டது. பெண்களுக்கென விற்றவை சராசரியாக 7 சதவீதம் கூடுதல் விலை. ஷாம்பு, ரேசர் போன்ற உடல் பராமரிப்புப் பொருட்களில் 13 சதவீதம்.

வாங்கும்போது விலையை 100 மில்லிக்கு, அல்லது ஒரு கார்ட்ரிட்ஜுக்கு (ரேசரில் கழற்றி மாற்றும் பிளேடுத் தலை) எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு டப்பாவைத் திருப்புங்கள். சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் அச்சிடுவார்கள். முதல் ஐந்தும் ஒன்றென்றால், மிச்சம் பெரும்பாலும் வாசனையும் சாயமும்தான். மருந்தென்றால் சதவீதத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும், முடி வளரப் பூசும் மினாக்ஸிடில் மருந்து நுரையில் இரு பாலாருக்கும் அதே 5 சதவீதம்தான். ஆனால் ஆண்கள் நாளுக்கு 2 முறை, பெண்கள் 1 முறை என்று குறிப்பு மாறும். அதனால் ஒரே அளவு டப்பா ஒருவருக்கு ஒரு மாதம், மற்றவருக்கு இரண்டு மாதம் வரும். மாதக் கணக்கில் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். கிராம் கணக்கே சரி.

கேள்வி: சிறிய அளவில் தோள்பை தயாரிக்கிறேன். பெண்களுக்கென்று தனி ரகம் விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூன்று அளவில் பை வைத்திருந்தால், ஆண், பெண் எனப் பிரித்ததும் ஆறு ரகமாகிவிடும். ஓடாத ரகத்தில் முதல் முடங்கும். லேபிளைக் குறைவாக அச்சடிப்பதால் அதன் செலவும் ஏறும். பிக் நிறுவனம் பெண்களுக்கென்றே பேனா விட்டு 2012-ல் வாங்கிக் கட்டிக்கொண்டது ஊரறிந்த கதை. எழுதுவதில் ஆண், பெண் என்ன?

முதலில், ஏற்கெனவே வாங்கியவர்களில் 15 பேரிடம் பேசுங்கள். ‘ரோஸ் நிறம் பிடிக்குமா?’ என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ‘கடைசியாகப் பை வாங்கப் போனபோது எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். பட்டை நீளம், ஜிப், எடை என்று பதில் வரும். குட்டையானவருக்குப் பட்டை தொங்குகிறது என்றால், தீர்வு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொக்கி. அது குட்டையான ஆணுக்கும் உதவும்.

யார் பயன்படுத்துகிறார், யார் காசு கொடுக்கிறார் என்பதையும் பிரித்துக் கேளுங்கள். பரிசாக வாங்குபவர் ஜிப்பை இழுத்துப் பார்ப்பதில்லை, பொதியைத்தான் பார்ப்பார்.

கேள்வி: ஆண்களுக்கான டியோடரண்டைப் பெண்கள் வாங்குகிறார்கள். ஆண்கள் ஏன் மாற்றி வாங்குவதில்லை?

பதில்: கூச்சம்தான்! 2005-ல் கோக கோலா ஜீரோ வந்ததற்கும் அதுதான் காரணம். ‘டயட்’ என்ற சொல்லைப் பெண்களுக்கானதாக நினைத்து ஒதுங்கிய ஆண்களுக்காகவே, சர்க்கரையில்லாத பானத்துக்கு அந்தச் சொல் இல்லாமல் பெயர் வைத்தார்கள்.