எண்ணெய் ஆடினால் எரிவாயுவும் ஆடுமா?

இந்தமுறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கொரோனா கால எண்ணெய் விலையைப் பற்றித்தான். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பார்களா!

கேள்வி (திருவொற்றியூர்): கச்சா எண்ணெயும் எரிவாயுவும் வேறு வேறு சரக்கு. 2020-ல் மட்டும் அவற்றின் விலை ஏன் சேர்ந்து ஆடியது?

சாதாரண நாளில் ஆளுக்கொரு காரணம் இருக்கும், எண்ணெய்க்கு வண்டியும் விமானமும், அமெரிக்க எரிவாயுவுக்குக் குளிரும் கிடங்கு இருப்பும். ஊரடங்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே காரணமாகிவிட்டது, வாங்க ஆளில்லை. போதாததற்கு மார்ச் 6 அன்று ஒபெக் என்ற எண்ணெய் ஏற்றுமதிக் கூட்டணி நாடுகளும் ரஷ்யாவும் பேச்சை முறித்துக்கொள்ள, 9-ம் தேதி பிரென்ட் (உலகச் சந்தைக்கு அளவுகோலான கச்சா எண்ணெய்) விலை ஒரே நாளில் கிட்டத்தட்ட கால்வாசி சரிந்தது. எண்ணெயில் அடிவாங்கியவர் மார்ஜின் (நஷ்டத்துக்கு ஈடாகக் கட்டும் பிணைப்பணம்) கட்ட, கையில் இருக்கும் எரிவாயு கான்ட்ராக்டையும் (பின்னால் ஒரு தேதியில் சரக்கு கைமாறும் ஒப்பந்தம்) விற்பார், அப்படியும் பரவும். ஆனால் ஒன்று, ஏற்ற இறக்கம் தொற்றுவது வேறு, விலை ஒரே திசையில் போவது வேறு. எண்ணெய்க் கிணறுகளை மூடினால் அதோடு வரும் எரிவாயுவும் குறையுமே என்ற கணக்கில், எண்ணெய் விழும்போது எரிவாயு ஏறிய நாட்களும் உண்டு.

கேள்வி (தண்டையார்பேட்டை): 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் பேரல் மைனஸ் 37 டாலர் என்றால், குடத்தோடு போனால் எண்ணெயும் தந்து காசும் தருவார்களா?

தருவார்கள், ஆனால் குடத்தை ஓக்லஹோமாவில் இருக்கும் குஷிங் வரை தூக்கிப் போக வேண்டும்! டபிள்யூடிஐ என்ற அமெரிக்க எண்ணெயின் மே மாத கான்ட்ராக்டை முடிக்கும்போது சரக்கு அங்கேதான் கைமாறும், அங்கே டாங்கிகளில் மிச்சமிருந்த இடத்தையும் ஏற்கெனவே பிடித்து வைத்துவிட்டார்கள். அதனால்தான் ஏப்ரல் 20 அன்று மைனஸ் 37.63, கப்பலில் எங்கும் போகக்கூடிய பிரென்ட் அதே நாளில் 25 டாலருக்கு மேல். பாவம், எம்சிஎக்ஸ் என்ற நம் சரக்குச் சந்தையில் எண்ணெய் கான்ட்ராக்ட் வாங்கியிருந்த ஆட்கள், ஊரடங்கால் சந்தை மாலை 5 மணிக்கே மூடியிருந்தது, விழுந்ததோ நம் நடுராத்திரியில். பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்கு முடித்தார்கள், ஒரு லாட் என்பது 100 பேரல், பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி (காசிமேடு): அப்போது படகுக்குப் போடும் டீசல் விலை ஏன் குறையவில்லை?

வரியை ஏற்றினார்கள். மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதம் டீசலுக்கு இன்னும் 13 ரூபாய்.

கேள்வி (வியாசர்பாடி): பணத்தை எண்ணெயில் பாதி, எரிவாயுவில் பாதி போட்டால் பாதுகாப்புதானே?

நல்ல நாட்களில் சரி. பல வருட சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், 2020 மார்ச், ஏப்ரலைத் தனியாக வெட்டியெடுத்து, உங்கள் பாதிக்குப்பாதி அதில் எவ்வளவு தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.