சால்மனைக் காக்கும் வேலைக்கு மறுபடி விலங்கியல் படிக்கணுமா?

பி.காம் முடித்து வேளச்சேரியில் கணக்கு வேலை பார்க்கிறீர்கள், சால்மன் மீனைக் காக்கும் அமைப்பில் பரப்புரை வேலையில் சேர ஆசை, அதற்கு மறுபடி விலங்கியல் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குப் போவதானால் படிக்கத்தான் வேண்டும். நீங்கள் சொல்லும் பரப்புரை வேலைக்கு அவசியமில்லை.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் 4 அணைகளை 2024இல் அகற்றி முடித்தார்கள். அந்த அக்டோபரிலேயே சினூக் என்ற வகை சால்மன் முட்டையிட, அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே ஏறியது. யூரோக், காருக் பழங்குடியினர் பல்லாண்டுகள் போராடிப் பெற்ற வெற்றி அது. மீன்கள் அணையைத் தாண்டி ஏற உதவும் மீன் ஏணி கட்டி அணைகளைத் தொடர்ந்து ஓட்டுவதைவிட அகற்றுவதே செலவு குறைவு என்ற கணக்கும் அதற்குப் பெரிதும் கைகொடுத்தது. பாருங்கள், அது உங்கள் துறை!

பழக இங்கேயே களம் இருக்கிறது. பெரிய ஆலைத் திட்டம் வந்தால் மக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். எண்ணூர்ப் பக்கம் அப்படி ஒன்று வந்தால், அதில் மீன் பட்டியல் உள்ள பக்கத்தை அங்குள்ள மீனவர்களிடம் காட்டுங்கள். மடவை, இறால், நண்டு எல்லாம் அதில் இருக்கிறதா என்று அவர்களே சொல்வார்கள். விடுபட்டதைக் கருத்துக் கேட்பில் எழுதிக் கொடுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சென்னையில்தான் இருக்கிறது. அதன் தீர்ப்புகளைப் படியுங்கள்.

அப்புறம், வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. முதலில் ஒரு அமைப்புக்கு வார இறுதிகளில் கணக்கு பார்த்துக் கொடுங்கள்.