காம்பு எது, கிளை எது?

வேப்பிலையின் நடுவில் ஓடும் ஈர்க்கு காம்பா, கிளையா?

இலைக்காம்பின் தொடர்ச்சிதான் அது. இருபுறமும் வரிசையாக நிற்பவை தனித்தனி இலைகள் அல்ல, ஒரே இலையின் சிற்றிலைகள். சந்தேகம் வந்தால் மொட்டைத் தேடுங்கள். காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் சின்ன மொட்டு ஒன்று இருக்கும். சிற்றிலைகளின் அடியில் இருக்காது.

முந்திரிப்பழம் பழமே இல்லையாமே?

ஆமாம், பருத்துச் சாறேறிய பூக்காம்பு அது. உண்மையான கனி கீழே தொங்கும் கொட்டை. முதலில் கொட்டை வளர்ந்து முடிகிறது, அப்புறம்தான் காம்பு பருக்கிறது.

நண்டுக்கும் இறாலுக்கும் கண் ஏன் காம்பில் இருக்கிறது?

சுற்றிலும் பார்க்க. மணலில் புதைந்துகொண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டும் நண்டுகள் உண்டு. ஆனால் காம்பின் பெரிய வேலை உள்ளே நடக்கிறது. ஓடு கழற்றுவதையும் சினை முதிர்வதையும் தடுத்து வைக்கும் ஹார்மோன்கள் அங்கிருந்துதான் வருகின்றன. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டியோ நசுக்கியோ எடுப்பது இதற்காகவே: தடை தளர்ந்து சினை சீக்கிரம் முதிரும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளை இறாலைக் கண்ணில் கை வைக்காமலே, நல்ல தீனியும் பராமரிப்பும் கொடுத்து முட்டையிட வைக்க முடிகிறது. அப்படியிருக்க வெட்டுவது எதற்கு?

இலையில் முடி போன்ற காம்புகள், நுனியில் வெள்ளைப் பொட்டு. பூஞ்சையா? மருந்து அடிக்கலாமா?

தயவுசெய்து அடிக்காதீர்கள்! பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள் அவை. தாய்ப்பூச்சி ஒரு சொட்டுத் திரவத்தை இலையில் ஒட்டி மேலே இழுக்கும். அது இறுகி இழையாகும். நுனியில் முட்டை. எறும்புக்கும், முந்திப் பொரித்த உடன்பிறப்பின் வாய்க்கும் எட்டாது. பொரித்து வரும் புழு, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று உங்கள் செடியைக் காக்கும்.

கடலில் மிதந்த கட்டையில் காம்போடு ஒட்டியிருந்தவை சிப்பிகளா?

ஓட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவை கொட்டலசுகள், நண்டு இறாலின் உறவு. சின்னஞ்சிறு பருவத்தில் நீந்தித் திரிந்து, பிடித்த இடம் கிடைத்ததும் உணர்கொம்பால் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு தலையின் முன்பகுதியே நீண்டு தசைக்காம்பாகிறது. ஆயுள் முழுக்கத் தலைகீழாக நின்று, ஓட்டிடுக்கு வழியே கால்களை வீசி இரை அள்ளும். சினைப்பை இருப்பதும் அந்தக் காம்புக்குள்தான்.